அறுபது கிலோமீட்டர் யாருக்கு வேணும்?

ரிமோட் கார் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "எவ்ளோ ஸ்பீடு போகும்?"

கடைக்காரர் ஒரு எண் சொல்வார். அட்டைப்பெட்டியில் அதைவிடப் பெரிய எண் கொட்டை எழுத்தில் இருக்கும். நாற்பது, ஐம்பது, அறுபது... எண் ஏற ஏற பர்ஸ் தானாகத் திறந்துகொள்ளும்.

கேள்வியே தப்பு என்கிறேன் நான். நண்பர்களோடு சேர்ந்து ரேஸ் விட முதல் கார் வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. உடைந்தால் உதிரி பாகம் கிடைக்குமா? ஓட்ட இடம் இருக்கிறதா? என் நண்பன் வைத்திருப்பதும் இதே காரா? மூன்றாவது கேள்வியைக் கேட்டால் கடைக்காரர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பரவாயில்லை. மூன்றில் முக்கியமானது அதுதான்.

இது பையனின் பிறந்தநாளுக்குப் பரிசு தேடுகிறவர்களுக்கான பக்கம் அல்ல. வேலை, ஈ.எம்.ஐ., சர்க்கரை மாத்திரை எல்லாம் வந்த பிறகு, "மச்சான், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கார் விடலாமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்கிற நாலு பேருக்கானது. தப்பே இல்லை. எண்பதுகளில் ரிமோட் கார் என்றால் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மாமா கொண்டுவந்தால்தான் உண்டு. வந்ததையும் ஷோகேஸில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அந்தத் தலைமுறைக்கு இப்போது சொந்தமாகச் சம்பளம் வருகிறது. ஷோகேஸ் சாவியும் அவர்கள் கையில்.

இந்தக் கார்களைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் விமர்சனங்களில் பெரும்பாலும் ஒரு வழவழப்பான டிராக் இருக்கும். கார்பெட் விரித்தது, அல்லது களிமண்ணை இடித்து மெழுகியது. நமக்கு அது உதவாது. நம்மூர் மண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். நான் எடுத்துக்கொள்ளும் ஊர் அடி அண்ணாமலை. திருவண்ணாமலையில் கிரிவலம் போனவர்களுக்குத் தெரியும். 14 கிலோமீட்டர் பாதையில் பாதி தாண்டி, மலைக்கு மேற்குப் பக்கம், கால் வலிக்க ஆரம்பிக்கிற நேரத்தில் வரும் ஊர். பழைய கோயில், புளிய மரங்கள், சாமியார்கள், மாடுகள், குரங்குகள், சரளைக்கல் கலந்த செம்மண். ஒரு ரிமோட் காருக்கு இதைவிடக் கடினமான பரீட்சை ஹால் கிடையாது.

முதலில் அந்த அறுபது கிலோமீட்டரைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு அறுபது என்றால் விநாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். முப்பது மீட்டர் நீளமுள்ள மைதானத்தை இரண்டே விநாடியில் தாண்டிவிடும். புதுசாக ரிமோட் பிடித்தவர் "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் கார் சுவரில் இருக்கும். கிரிவலப் பாதை முழுவதையும் அது 14 நிமிடத்தில் சுற்றி வந்துவிடலாம். ஆனால் ரிமோட்டின் சிக்னல் நூறு மீட்டர் எட்டினாலே அதிர்ஷ்டம். பின்னாலேயே நீங்கள் பைக்கில் துரத்த வேண்டியதுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் கல்லில் மோதுவதும், அதே காரை 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலாவது மாடியிலிருந்து, கீழே போடுவதும் ஒன்றுதான். இருபது கிலோமீட்டரில் மோதினால் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து கை தவறி விழுந்த மாதிரி. வேகம் மூன்று மடங்கானால் அடி ஒன்பது மடங்கு. நாலாவது மாடியிலிருந்து விழுந்து பிழைக்கும் பிளாஸ்டிக்கை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. மோதுவது கல்லாக இல்லாமல் செருப்பில்லாமல் நடந்து வருகிற ஒரு பாட்டியின் கணுக்காலாக இருந்தால்? அதைக் கணக்கில் சொல்ல முடியாது.

இனி கார்களுக்கு வருவோம். சந்தையில் இருப்பதை நாலு ஜாதியாகப் பிரிக்கலாம்.

முதல் ஜாதி, ஆயிரம் ரூபாய்க்குள் முடியும் பொம்மைக் கார். திருவிழாக் கடையிலும் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். பார்க்க ஃபெராரி மாதிரி இருக்கும். ஆனால் ஸ்டீயரிங்கில் மூன்றே நிலைகள்தான்: நேர், முழு இடது, முழு வலது. நடுவில் எதுவும் கிடையாது. ஆக்ஸிலரேட்டரும் அப்படியே. நின்றால் நிற்கும், போனால் முழு வேகம். திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பெரிய தேர் ஓடுகிறதே, அதை இழுப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கையில்தான் தேர் இருக்கிறது. கட்டையைக் கொஞ்சம் தள்ளிக் கொடுத்தால் தேர் கொஞ்சம் திரும்பும், அழுத்திக் கொடுத்தால் நிற்கும். அந்தக் 'கொஞ்சம்' தான் ஓட்டுவது என்பது. பொம்மைக் காரில் அந்தக் 'கொஞ்சம்' இல்லை. அதனால் அதை ஓட்டக் கற்றுக்கொள்ளவே முடியாது.

பழைய பாணி பொம்மைகளில் இன்னொரு கூத்தும் உண்டு. பல கார்கள் 27 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் வேலை செய்பவை. இரண்டு பேர் ஒரே மாதிரி கார் வாங்கி வந்து பக்கத்தில் நின்று ஓட்டினால், உங்கள் ரிமோட்டுக்கு அவர் கார் திரும்பும். ரேஸ் அல்ல, பேய் பிடித்த கதை. இப்போது வருகிற நல்ல கார்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு ரிமோட்டும் தன் காரோடு மட்டும் தாலி கட்டிக்கொள்ளும். பத்துப் பேர் ஒன்றாக ஓட்டலாம். இந்த அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த இந்திய அரசு 2005-ல் அனுமதி கொடுத்தது. பெட்டியில் 2.4 என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பது வேகத்தைப் பார்ப்பதைவிட முக்கியம்.

இரண்டாவது ஜாதி, சீனாவின் டபிள்யூ.எல். டாய்ஸ் வகையறா. குவாங்டாங் மாகாணத்தில் சாந்தோ என்ற பொம்மை நகரத்துத் தயாரிப்பு. இவர்களுடைய 144001 என்ற மாடல் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. நிஜக் காரில் 14-ல் ஒரு பங்கு அளவு, நாலு சக்கரத்துக்கும் இழுவை, நிறைய உலோக பாகங்கள், பெட்டியிலேயே பேட்டரியும் சார்ஜரும். விலைக்குப் பார்த்தால் அதிசயம்தான். தனித்தனி உதிரி பாகங்களாகவும் விற்கிறார்கள். பொம்மைக்கும் 'ஹாபி' காருக்கும் உள்ள எல்லைக்கோடு அதுதான். உடைந்தால் பொம்மை குப்பைக்குப் போகும், ஹாபி கார் மேஜைக்குப் போகும்.

குறை? மேலே கணக்குப் போட்டோமே, அந்த அறுபது கிலோமீட்டர் இந்தக் காரின் விளம்பரத்தில்தான் இருக்கிறது. முதல் காராக வாங்குகிறவருக்கு இது, லைசென்ஸ் எடுத்த மறுநாள் ஈ.சி.ஆரில் புல்லட் கொடுத்த மாதிரி. தவிர, இதன் உயரம் குறைவு. சிமென்ட் தரையில் பிரமாதமாகப் போகும். அடி அண்ணாமலைச் சரளையில் வயிறு தட்டும்.

மூன்றாவது ஜாதி, ஜப்பானின் தமியா. ஷிசுவோகா நகரத்துக் கம்பெனி. 1976-ல் போர்ஷே 934 மாடலில் முதல் ரிமோட் காரை விட்டார்கள். 1984-ல் வந்த 'கிராஸ்ஹாப்பர்', ஒரு தலைமுறையையே இந்தப் பைத்தியத்துக்கு ஆளாக்கியது. வெட்டுக்கிளி என்று பெயர் வைத்தது வீண் போகவில்லை, மேடு பள்ளத்தில் துள்ளித் துள்ளித்தான் போகும். 2005-ல் அதை மறுபடி வெளியிட்டார்கள். சின்ன மோட்டார், பின் சக்கரத்துக்கு மட்டும் இழுவை. வேகத்தில் 144001-ன் பக்கத்தில்கூட வராது. அதுதான் அதன் பெருமை என்கிறேன்.

தமியா பெரும்பாலும் கிட்டாக வரும். பெட்டியைத் திறந்தால் கார் இருக்காது. பிளாஸ்டிக் சட்டங்கள், திருகாணிகள், படம் போட்ட புத்தகம். உட்கார்ந்து நீங்களே மாட்ட வேண்டும். இரண்டு மூன்று சாயங்காலம் போகும். "காசும் கொடுத்து வேலையும் நானே செய்யணுமா?" என்று கேட்பீர்கள். செய்யணும். தானே மாட்டியவனுக்கு உடைந்தால் தானே கழற்றத் தெரியும். ஒரு எச்சரிக்கை: ரிமோட், பேட்டரி, சார்ஜர் எல்லாம் பெரும்பாலும் தனி. பெட்டி விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். இன்னொன்று: கிராஸ்ஹாப்பரில் சக்கரம் சுற்றும் இடத்தில் பிளாஸ்டிக் புஷ்தான் கொடுப்பார்கள். நம்மூர்ப் புழுதியில் அது சீக்கிரம் தேயும். முதல் வேலையாக பால் பேரிங் மாற்றிவிடுங்கள்.

நாலாவது ஜாதி, அமெரிக்காவின் டிராக்ஸஸ். டெக்ஸஸ் மாநிலத்துக்காரர்கள், 1986-ல் தொடங்கியது. 2008-ல் இவர்கள் விட்ட 'ஸ்லாஷ்' என்ற லாரி மாதிரியான வண்டி, பத்தில் ஒரு பங்கு அளவு. பெரிய டயர், நல்ல உயரம், தண்ணீர் பட்டாலும் சாகாத எலெக்ட்ரானிக்ஸ். சரளை, சேறு, மேடு எதற்கும் அசராது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சாதாரண ஸ்லாஷின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் 'டிரெய்னிங்' என்று ஒரு நிலை வைத்திருக்கிறார்கள். போட்டால் பாதி சக்திதான் வரும். கற்றுக்கொள்கிறவரை மதிக்கத் தெரிந்த கம்பெனி. ஆனால் விலை! நம் கைக்கு வந்து சேரும்போது நல்ல ஸ்மார்ட்போன் விலை ஆகிவிடும்.

ஏன் ஆகாது? பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 20 சதவீதமாக இருந்தது. 2020 பட்ஜெட்டில் 60 ஆனது. 2023-ல் 70. தவிர, 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரியிலிருந்து தரச் சான்று முத்திரை கட்டாயம். உள்ளூர்ப் பொம்மைத் தொழிலுக்கு நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாங்குகிறவர் கணக்கில் இதற்கு ஓர் அர்த்தம் உண்டு. கார் வாங்குவது ஒரு நாள் செலவு. அதன் உதிரி பாகம் கடல் தாண்டி வருவது ஒவ்வொரு முறையும் செலவு.

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் தேய்மானம் கணக்கிடுவான். நீங்களும் கொஞ்சம் கணக்கிடுங்கள். கையில் பத்தாயிரம் இருந்தால் ஏழாயிரத்துக்குத்தான் கார். மீதி மூவாயிரம் இரண்டாவது பேட்டரிக்கு, முன் சக்கரத்தைத் தாங்கும் ஆர்முக்கு, ஒரு செட் பல்சக்கரத்துக்கு. ஏனென்றால் பெட்டியோடு வரும் பேட்டரி பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும், அதோடு வரும் யு.எஸ்.பி. சார்ஜரில் ஏற இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். ஒரே பேட்டரியோடு ரேஸுக்குப் போகிறவர் முதல் கால் மணி நேரத்துக்குப் பிறகு டீ வாங்கி வரும் ஆளாகிவிடுவார்.

இப்போது நான் சொன்ன அந்த மூன்றாவது கேள்வி.

அடி அண்ணாமலையில் நாலு நண்பர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்ப்பவர், ஸ்லாஷ் வாங்குகிறார். ஒருவர் செல்போன் கடைக்காரர், 144001 வாங்குகிறார். ஒருவர் பள்ளி ஆசிரியர், தமியா. நாலாமவர் ஆட்டோ ஓட்டுகிறார், ஆயிரம் ரூபாய் பொம்மை. முதல் ஞாயிறு எல்லோரும் வருவார்கள். சரளையில் ஸ்லாஷ் ஜெயிக்கும், சிமென்ட்டில் 144001 ஜெயிக்கும். இரண்டாவது ஞாயிறு ஆட்டோக்காரருக்குத் திடீரென்று சவாரி வந்துவிடும். மூன்றாவது ஞாயிறு ஆசிரியருக்கு விடைத்தாள் திருத்தும் வேலை இருக்கும். ஒரு மாதத்தில் கார்கள் பரண் மேல். யார் மேலும் தப்பு இல்லை. யார் ஜெயிப்பார் என்பது கடையில் பில் போடும்போதே முடிவாகிவிட்டால், அப்புறம் மைதானத்துக்கு எதற்குப் போகணும்?

இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் ஒருவர் நம் கோயம்புத்தூரிலேயே இருந்தார். எஸ்.கரிவர்தன். சோழவரம் ரன்வேயில் ரேஸ் நடந்த காலத்து ஆள். கார் ரேஸ் என்றாலே பணக்காரர் வீட்டு விளையாட்டு, யார் வெளிநாட்டு வண்டி இறக்குகிறாரோ அவர் ஜெயிப்பார் என்று இருந்த நேரத்தில், சாதாரண மாருதி 800-ன் இன்ஜினை வைத்து, குறைந்த செலவில், ஒற்றை இருக்கை ரேஸ் கார் ஒன்றை வடிவமைத்தார். ஃபார்முலா மாருதி. எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி. இனி வித்தியாசம் ஓட்டுகிறவரிடம் மட்டும்தான். அந்த வண்டிகளில் ஓட்டிப் பழகியவர்களில் ஒருவர் கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன். 1993-ல் ஃபார்முலா மாருதி, 2005-ல் ஃபார்முலா ஒன், இந்தியாவிலிருந்து அங்கே போன முதல் ஆள். கரிவர்தன் அதைப் பார்க்கவில்லை. 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறந்த ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர்தான்: கரி மோட்டார் ஸ்பீட்வே.

நிஜக் காருக்குச் சரிப்பட்டது குட்டிக் காருக்குச் சரிப்படாதா? அமெரிக்காவில் ஸ்லாஷ் அவ்வளவு பிரபலமானதற்கு ஒரு காரணம் இதுவே. பல டிராக்குகளில் ஸ்லாஷ் மட்டுமே ஓடும் தனிப் பிரிவு வைத்தார்கள். கடையிலிருந்து வந்தபடி ஓட்டணும், மோட்டார் மாற்றக் கூடாது. புதியவரும் பழையவரும் ஒரே கோட்டில் நின்றார்கள்.

ஆகவே என் சிபாரிசு: நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே காரைத் தேர்ந்தெடுங்கள். நாலு பேரில் யாருக்குக் கை ரொம்ப இறுக்கமோ அவர் தாங்கும் விலைதான் எல்லோருக்கும் விலை. ஐ.டி. நண்பருக்குக் கை நமநமக்கும். பொறுத்துக்கொள்ளட்டும். அவர் ஆசைப்பட்டால் பொதுவான உதிரி பாக டப்பாவை அவர் நிரப்பட்டும். ஆமாம், நாலும் ஒரே கார் என்றால் ஒரு டப்பா போதும். ஒருவர் உடைத்த காரின் நல்ல பாகம் இன்னொருவருக்கு உதவும். கூரியர் செலவும் ஒன்று. கணக்குப் பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எந்தக் கார்? மண்ணில் ஓட்டப் போகிறீர்கள், கையால் வேலை செய்யப் பிடிக்கும் என்றால் தமியா. பள்ளி வளாகம், கல்யாண மண்டபத்து கார் பார்க்கிங் மாதிரி சிமென்ட் தரை கிடைக்கும் என்றால் டபிள்யூ.எல். டாய்ஸ், ஆனால் வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி ரிமோட்டில் இருக்கிறதா என்று பார்த்து. நாலு பேருக்கும் நல்ல சம்பளம் என்றால் ஸ்லாஷ், முதல் மாதம் டிரெய்னிங் நிலையில். பொம்மையை எந்த நிலையிலும் வேண்டாம். ஆயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால் நாலு பேர் காசையும் சேர்த்து ஒரு நல்ல கார் வாங்கி, ஆளுக்கு ஒரு சுற்று என்று கடிகாரம் வைத்து ஓட்டுங்கள். குறைந்த நேரம் எடுத்தவர் வின்னர். அதைவிட நியாயமான ரேஸ் கிடையாது, எல்லோருக்கும் ஒரே கார்!

இடம்? கிரிவலப் பாதை கூடவே கூடாது. பௌர்ணமியன்று மட்டுமல்ல, எந்த நாளும் அங்கே நடக்கிறவர்கள் உண்டு. மல்லாட்டை பிடுங்கின கொல்லை, கோடையில் வற்றிய ஏரியின் ஓரம் நல்ல இடங்கள். கொல்லைக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். பழைய செருப்பும் செங்கல்லும் வைத்தால் டிராக் ரெடி. இரண்டு பேர் ஓட்டும்போது மற்ற இரண்டு பேர் வளைவுகளில் நின்று, கவிழ்ந்த காரைத் தூக்கி விடணும். பெரிய போட்டிகளிலும் இதுதான் வழக்கம். ஓட்டி முடித்தவர் அடுத்த ஆட்டத்துக்குக் காவல். கவிழ்ந்தது எதிராளியின் கார் என்றாலும் அதே வேகத்தில் தூக்கணும்.

முக்கியமான ஒன்று, பேட்டரி. இப்போது பல கார்களில் லித்தியம் பாலிமர். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கக் கூடாது. உப்பிப் போன பேட்டரியை 'இன்னும் ஒரு தடவை' என்று சார்ஜ் போடாதீர்கள், தீப்பிடிக்கும். சார்ஜ் ஏறும்போது கட்டில் மேல் வைக்காமல் தரையில், கண் பார்வையில் வையுங்கள். திருவண்ணாமலை மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுச் சாமி கும்பிடப் போகாதீர்கள். ஓட்டி முடித்ததும் பழைய டூத் பிரஷ்ஷால் பல்சக்கரத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டி எடுங்கள். ஐந்து நிமிட வேலை, ஆறு மாத ஆயுள்.

அடுத்த முறை கடைக்காரர், "சார், இது அறுபது போகும்" என்றால், "உங்ககிட்ட இதே மாதிரி நாலு இருக்கா?" என்று கேளுங்கள்.